ஒன்றும் மாறாது என்று சொன்னவர்

"கட்டாயம் வரேன்" என்று எங்கள் ஆபீஸ் மேடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுபதுகளில் குவைத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். வெள்ளிக்கிழமை வந்தால் யார் வீட்டிலாவது பிறந்தநாள், வளைகாப்பு, பஜனை என்று ஏதாவது ஒன்று இருக்கும். கூப்பிட்டால் மற்றப் பெண்கள் "வராம இருப்போமா!" என்பார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். இவர் மட்டும் "தெரியலை, வந்தாலும் வருவேன்" என்பார். அப்புறம் முதல் ஆளாக வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஊருக்குச் சொன்ன சொல்தானே ஞாபகம் இருக்கும்? திமிர் பிடித்தவர் என்று நாங்கள் குடியிருந்த ஃபர்வானியா முழுக்க அவருக்குப் பெயர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சம்பளம் சேர்த்து வாங்கிய டேப் ரெக்கார்டரை அவர் வீட்டுக்கே தூக்கிப்போய்க் காட்டி, "எப்படி மேடம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பாடுது" என்றார். அவ்வளவுதான். அவருடைய கணவர் பாவம், ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர், சாது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு சார்னு அர்த்தம்" என்று மொழிபெயர்த்தார். மேடம் உடனே, "நான் அப்படிச் சொல்லலையே" என்றார்.

இப்படிப்பட்ட ஒருவர் மேலதிகாரியிடம் போய் ஒரு காரியத்துக்குச் சம்மதம் வாங்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தேனே தவிர, இன்றுவரை அதில் பாதி எனக்குப் புரியவில்லை.

எங்கள் கம்பெனி கட்டட வேலை எடுத்துச் செய்கிற கம்பெனி. நான் முதீரின் ஸ்டெனோ. மேனேஜரை அங்கே முதீர் என்பார்கள். எங்கள் முதீர் லெபனான்காரர். பெரிய உடம்பு, சின்னக் கோப்பை. ஏலக்காய் போட்ட கறுப்புக் காப்பி பகல் முழுக்க அவர் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். கோபம் வந்தால் மூன்று மொழியில் கத்துவார். கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது முதீரின் செல்லப்பிள்ளை. அதற்கென்று தனி அறை, தனி ஏசி. ஜூலை மாதத்தில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் நாங்களெல்லாம் அந்த அறைக்குப் போய் நின்றுவிட்டு வருவோம்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் என்பது அட்டைக்கட்டு. ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டையில் ஓட்டை. மேடம்தான் இதையெல்லாம் எனக்கு விளக்கினார். அட்டைகளை வரிசையாக மெஷின் வாயில் கொடுத்தால் அது படித்துக்கொண்டு வேலை செய்யும். ஓர் அட்டையில் துளி ஈரம் பட்டால் போதும், உப்பிக்கொண்டு வாயில் சிக்கிவிடும். ஒருமுறை ஆப்பரேட்டர் அட்டை டிராயர் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டான். முதீர் கட்டடமே அதிரக் கத்தினார். மறுநாள் கதவில் இங்கிலீஷிலும் அரபியிலும் போர்டு தொங்கியது: ஈரமான எதுவும் உள்ளே வரக்கூடாது. அதை டைப் அடித்தது நான்.

மேடத்தை வேலைக்கு எடுத்த அன்றும் நான் இருந்தேன். "எங்கள் லீவு புரோகிராமை உன்னால் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று முதீர் கேட்டார். "இன்னும் நான் அதைப் பார்க்கலையே சார்" என்றார் இவர். முதீர் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்து, வேலை கொடுத்துவிட்டார். அது வேடிக்கை இல்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

லீவு புரோகிராம் என்றால் சாதாரணம் இல்லை. சைட்டில் வேலை பார்க்கிற ஆட்களுக்கு இரண்டு வருஷம் டியூட்டி முடிந்தால்தான் ஊருக்கு டிக்கெட். யாருக்கு எப்போது முடிகிறது என்று நாள் கணக்குப் பார்த்து லீவு சிலிப் அடிப்பது அந்த மெஷின்தான். சிலிப் வந்த அன்று, தங்கியிருக்கும் கேம்ப்பிலிருந்து பெட்டி வாங்கப் போவார்கள். வராதவன் சாப்பிடாமல் படுத்துவிடுவான்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு நாலு அட்டையைச் செருகினார்கள். அதிலும் நோன்பு மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். ரமழானில் எல்லோருக்கும் டியூட்டி நேரம் குறைவு. குறைந்த நேரத்தையும் முழு நாளாக எடுத்துக்கொள் என்று மெஷினுக்குச் சொல்லவேண்டும். அதை முன்கூட்டியே சொல்லவும் முடியாது. பிறை தெரிந்தால் நாளைக்கு நோன்பு, தெரியாவிட்டால் நாளை மறுநாள். அதனால் கடைசி நிமிஷத்தில் அவசரமாக அட்டை குத்திச் செருகுவார்கள். பெருநாள் முடிந்ததும் அதை உருவி எடுக்கவேண்டும் அல்லவா? எடுத்தால் வேறு ஏதாவது உடைந்துவிடுமோ என்று பயம். எடுக்காமல், "இந்தத் தேதிக்கு மேல் பழைய கணக்குதான்" என்று இன்னொரு கட்டு அட்டையைச் செருகுவார்கள். அடுத்த வருஷம் நோன்பு கொஞ்சம் முன்னால் தள்ளி வரும். அதற்கு மேல் இன்னொரு கட்டு.

மேடம் டிராயரைத் திறந்து காட்டி, "எல்லா வருஷத்து ரமழானும் உள்ளேயே இருக்கு சார்" என்றார். வீடு காலி செய்யாமல் போனவர்களின் சாமானைக் காட்டுகிற மாதிரி இருந்தது. இதையெல்லாம் பிரித்து, வேண்டாததை எறிந்து, புதிதாக ஒழுங்காக எழுதவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு மாதக்கணக்கில் அவரை வேறு வேலைக்குக் கூப்பிடாமல் விடவேண்டும், மெஷினில் நேரம் கொடுக்கவேண்டும். முதீர் சம்மதிக்கவேண்டும்.

முதீர் அரபியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில்தான்.

"சுத்தம் செய்தால் வேகமாக ஓடுமா?"

"இல்லை சார். இதே வேகம்தான்."

"பேப்பர் மிச்சமாகுமா?"

"ஆகாது."

"இப்போது தராத எதையாவது தருமா?"

"தராது சார். ஒண்ணும் மாறாது."

முதீர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒன்றும் மாறாததற்கு நான் எதற்கு உன்னை மாதக்கணக்கில் விடவேண்டும்? இப்போது ஓடுகிறதா, இல்லையா?"

"ஓடுது சார். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"கலாஸ்" என்றார் முதீர். முடிந்தது, போ என்று அர்த்தம்.

எனக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "மேடம், கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தான் என்ன? வேகமா ஓடும்னு சொல்லுங்களேன்."

"ஓடாதே சார்."

"அது அவருக்குத் தெரியவா போகுது?"

அவர் ரொம்ப யோசித்தார். அடுத்த வாரம் மறுபடி முதீர் முன்னால் போய் நின்று, "சார், சுத்தம் பண்ணினா வேகமா ஓட வாய்ப்பிருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் அவர் என் பக்கம் கையை நீட்டி, "இல்லை சார், ஓடாது. இவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்" என்றார். அந்த மாதம் முழுக்க முதீர் கூப்பிட்டால் நான் கதவருகிலேயே நின்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆகஸ்ட் வெயிலில் நோன்பு வந்தது. "நாளைக்கே இருக்கலாம். அட்டை ரெடியா?" என்று முதீர் கேட்டார். மேடம் அட்டைக்கட்டை மேஜையில் வைத்தார். கூடவே ஒரு தாளையும் வைத்தார். அதில் இரண்டே வரி: இந்த அட்டைகளைச் சேர்ப்பதால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சேர்க்கிறேன், நிர்வாகம் இதற்குச் சம்மதிக்கிறது. கீழே முதீர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"என்ன மிரட்டுகிறாயா?"

"இல்லை சார். உண்மையைத்தான் எழுதியிருக்கேன்."

"பிறை ஆண்டவன் கையில் இருக்கிறது. அட்டை உன் கையில் இருக்கிறது. இரண்டுமே தெரியாது என்றால் நான் யாரிடம் போவேன்?"

முதீர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஜன்னல் வரை போய்விட்டு வந்தார். இந்த இரண்டு வரி முதலாளி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசிப்பது எனக்கே கேட்டது. கடைசியில் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். "இந்த நோன்பு இப்படியே போகட்டும். பெருநாள் கழித்து உன் வீட்டைப் பெருக்கிக்கொள். ஆனால் புதியதும் பழையதும் ஒரே மாதிரி அடிக்கவேண்டும். ஓர் எழுத்து மாறக்கூடாது. நீ சொன்னதுதான்."

"நான் சொன்னதுதான் சார்" என்றார் மேடம். அவர் சிரித்து நான் பார்த்த ஒரு சில தடவைகளில் அது ஒன்று.

பெருநாளுக்குப் பிறகு அவரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. அந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அட்டையாக எடுத்து, "இது ஏன் இங்கே இருக்கு?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார்த்திகை பிறந்த பிறகுதான் வேலை முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வெல்டர் வந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், கம்பெனியில் பழைய கை. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அண்ணே, தங்கச்சிக்குத் தையில முகூர்த்தம் வச்சுட்டாக. அப்பா இல்ல. நாந்தான் தாரை வாக்கணும். என் கணக்குக்கு மார்கழியோட ரெண்டு வருசம் முடியுது. மெசினு மாசிங்குதாம். எப்புடிண்ணே?"

"மெஷின் கணக்கு தப்பாதுப்பா" என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பழையதையும் புதியதையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கிற நாளில் மேடம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். பழைய தாளை நான் படிக்க, புதிய தாளில் அவர் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பக்கம் பக்கமாக எல்லாம் ஒன்றாகவே வந்தது. திடீரென்று அவர் பென்சில் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது. நின்ற இடமெல்லாம் பழைய ஆட்கள். வெல்டரின் பேரும் அதில் இருந்தது. பழைய தாள் மாசி என்றது, புதிய தாள் மார்கழிக் கடைசி என்றது.

அவர் முகம் சுண்டிவிட்டது. டிராயரைத் திறந்து பழைய அட்டைகளை வெகுநேரம் புரட்டிவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். போன வருஷத்துக் கட்டு, பெருநாள் தேதிக்கு மேல் பழைய கணக்குதான் என்கிறது. இந்த வருஷத்து நோன்பும் அந்தத் தேதிக்கு மேல்தானே வருகிறது, அதனால் பழைய கட்டும் குறுக்கே புகுந்து, குறைந்த நேரம் முழு நாள் ஆகாது என்கிறது. ஒன்றின் காலை ஒன்று மிதிக்கிறது. அதனால் ஒவ்வொரு நோன்பிலும் ஆட்கள் உழைத்த சில நாட்களை மெஷின் நாளாகவே சேர்க்கவில்லை. அதிக நோன்பு பார்த்தவனுக்கு அதிக நஷ்டம்.

"அப்போ வெல்டர் சொன்னது சரியா?"

"சரி."

மெஷின் கணக்கு தப்பாது என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போம்! இனி முதீரிடம் சொல்லவேண்டியதுதான், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

முதீர் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒன்றும் மாறாது என்றாய்."

"சொன்னேன் சார்."

"மாறியிருக்கிறதே. அப்படியானால் உன்னுடையது தப்பு."

"இல்லை சார், பழசுதான் தப்பு."

"பழையது தப்பு என்றால், இத்தனை வருஷமாக ஊருக்குப் போனவர்கள்?"

"அவங்களும் லேட்டாத்தான் போயிருக்காங்க."

முதீர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதை நான் முதலாளியிடம் கொண்டுபோக முடியாது. பழையது எப்படி அடித்ததோ அப்படியே உன்னுடையதும் அடிக்கட்டும். அதுதானே பேச்சு?"

மேடம் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். ஓர் அட்டைக்காக மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றவர் அல்லவா? அவர், "சரி சார். பேச்சு அதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. வராந்தாவில் வெல்டர் உட்கார்ந்திருந்தான். மேடம் அவனிடம் நேரே போய், "உங்க கணக்குதான் சரி. மெஷின் தப்பு. அதை மாத்த எனக்கு உத்தரவு இல்லை" என்றார். அவன் எழுந்து நின்று, "சரிங்கம்மா" என்றான். அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? எனக்கே புரியவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தர், பொய்யைத் திரும்ப உள்ளே வைக்க எப்படிச் சம்மதிக்கிறார்? இவரைப் போய் நேர்மையானவர் என்று நினைத்தோமே என்று அன்று முழுக்க மனசு எரிந்தது.

ஊருக்கு லீவில் கிளம்புவதற்கு முன், மேடம் முதீரை மெஷின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் நோட்டும் கையுமாகப் பின்னால் போனேன். புதிய அட்டைக்கட்டு பழையதில் கால்வாசிகூட இல்லை. எல்லாம் வெள்ளை அட்டைகள், முன்பக்கம் ஒன்றே ஒன்று சிவப்புக் கரை போட்ட அட்டை.

"பழைய தப்பு முழுக்க இந்த ஒரு அட்டையில வச்சிருக்கேன் சார். இது இருந்தா பழைய மாதிரியே அடிக்கும். ஓர் எழுத்து மாறாது."

"எடுத்தால்?"

"சரியா அடிக்கும்."

"வேறு ஏதாவது உடையுமா?"

"உடையாது சார்."

அந்த டிராயரைப் பற்றி ஒருவர் அவ்வளவு உறுதியாக உடையாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதீருக்கும் அது உறைத்திருக்கவேண்டும், கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "யா அல்லா" என்று முனகிக்கொண்டு போய்விட்டார். மேடம் அந்த வார விமானத்தில் மதராஸ் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த லீவு சிலிப்புகள் வந்தபோது வெல்டருடையதும் அதில் இருந்தது. மார்கழிக் கடைசி. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதாண்ணே, நீங்கதான் பேசியிருக்கீக" என்று அழுதான். நான் ஒன்றும் பேசவில்லை என்றால் நம்பவே இல்லை. தை முகூர்த்தத்துக்குப் போய்த் தாரை வார்த்துவிட்டு, திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் சீரணி மிட்டாய் கொண்டுவந்தான். வாங்கிச் சாப்பிட்டேன், வேறென்ன செய்வது?

ஆப்பரேட்டரைக் கேட்டேன். டிராயரில் இருந்ததை அப்படியே ஓட்டினேன் சார், எனக்கொன்றும் தெரியாது என்றான். அப்படியானால் மேடம்தான் போகிறபோது உருவிவிட்டுப் போயிருக்கிறார், பலே கைகாரி என்று எண்ணிக்கொண்டேன். நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அவர் ஒரு தடவை ஏமாற்றினாலும் அவர் அவராக இருக்கமாட்டாரே!

பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் முதீரிடம் கையெழுத்துக்குப் போனேன். காப்பிக் கோப்பையைத் தூக்கிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கோப்பைக்கு அடியில் சிவப்புக் கரை தெரிந்தது. அட்டை நடுவில் காப்பிக் கறை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "என் உயிரை வாங்கினாளே அந்தப் பெண், கடைசியில் ஒரே ஓர் அட்டைதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா?"

கேலி செய்கிறாரா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா என்று முகத்தில் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஓர் அட்டையைத் தனியாகப் பிரித்தெடுக்க ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை நினைத்தேன். கோபமாக வந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடம் ஊரிலிருந்து திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை ஃபர்வானியாவில் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஆவக்காய் வந்திருந்தது. நான் நேரடியாகவே கேட்டேன். "அந்த அட்டையை நீங்க எடுக்கலையா?"

"நான் எப்படி சார் எடுப்பேன்? எடுக்கக்கூடாதுன்னு சொன்னாரே."

முதீர் மேஜையில் பார்த்ததைச் சொன்னேன். ஒரே ஓர் அட்டைதானா என்று அவர் கேட்டதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். இதற்காவது கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கறை பட்டிருந்ததா? நல்லாப் பார்த்தீங்களா?"

"ஊறிப்போயிருந்தது மேடம்."

"அப்போ இனிமே மெஷின் அதை வாங்காது" என்றார். அவர் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணு குத்துன்னும் யாரும் சொல்லலை."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் கை நின்றது. மெஷின் அறைக் கதவில் தொங்குகிற போர்டு ஞாபகம் வந்தது. அதை மாட்டச் சொன்னவரே முதீர்தான். டீ கிளாஸுக்காகக் கட்டடம் அதிரக் கத்தினவர், ஓர் அட்டை மேல் தினம் தினம் காப்பியை வைத்திருக்கிறார்.

"மேடம், அப்போ அவர் தெரிஞ்சேதான் வச்சிருக்காரா?"

அவர் யோசித்தார். அவருடைய கணவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"தெரியலை சார்" என்றார். "ரசம் விடட்டுமா?"